நாய் வழக்கில் நான் வென்றேன்

இது நடந்தது. எனக்கே நடந்தது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை; இதைச் சொன்னால் என் மானம்தான் போகும். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

என் பெயர் றில்வான். பதுளை பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வீடு டவுனை விட்டுத் தள்ளி, மேட்டில். பக்கத்து வீட்டில் பெரியாயி என்ற அம்மா தனியாக இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். பிள்ளைகுட்டி இல்லை, மூன்று நாய்கள்தான். ஐயோ, அந்த நாய்கள்! ஓர் இலை விழுந்தாலும் குரைக்கும். இரண்டு வருடம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. நானோ ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். பொலிஸில் முறைப்பாடு போட்டேன். அவர்கள் அக்கம்பக்கத்துத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்கு அனுப்பினார்கள். எந்த இரவு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் குரைத்தன என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை விசாரணை. பெரியாயி அழுதார்.

"எனக்கு பிரஷர் இருக்குங்க மொதலாளி. நான் விழுந்து கெடந்தா, இதுங்க கத்துனாத்தான் நாலு பேருக்குத் தெரியும்."

"அதுக்கு நான் தூங்காமச் சாகணுமா?" என்றேன்.

நாய்களை அனுப்பிவிடுவது என்று முடிவானது. அவர் கைநாட்டு வைத்தார். எனக்கு மனம் குளிர்ந்தது, மறைப்பானேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவருடைய அண்ணன் மகன் அழகர் வந்தான். மூன்றையும் த்ரீவீலரில் ஏற்றினான், கொஸ்லந்தைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னான். நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

இரவு 2.10.

குரைப்புச் சத்தம். பெரியாயி வீட்டிலிருந்துதான். ஆனால் பழைய சத்தம் இல்லை... தொண்டைக்குள் தண்ணீர் நிற்பது மாதிரி... களக்... களக்...

என் மனைவி றுஷ்தா எழுந்து உட்கார்ந்தாள். "நாயத்தான் கொண்டுபோயிட்டாங்களே?"

"கிழவி ஒளிச்சு வச்சிருக்கா," என்றேன்.

காலையில் என் விறாந்தை முழுக்க ஈரமான நாயடிகள். ஆகஸ்ட் மாதம், துளி மழை இல்லை. நாய் பட்ட ஈரத்துக்கு எங்கள் மார்க்கத்தில் சொன்னபடி, மண் கரைத்து ஒரு தடவை, தண்ணீரால் ஆறு தடவை, மொத்தம் ஏழு தடவை கழுவிய பிறகுதான் சுபஹு தொழுதேன்.

திங்கள் இரவும் 2.10. செவ்வாயும் 2.10. ஒவ்வொரு காலையும் அதே ஈர அடிகள், அவர் வாசலிலிருந்து என் கதவு வரை. திரும்பிப் போன அடி ஒன்றுகூட இல்லை. பெரியாயி வெளியே தலை காட்டவேயில்லை. எனக்குப் பயந்து உள்ளே கிடக்கிறார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மறுபடி பொலிஸுக்குப் போனேன். கைநாட்டு வைத்ததை மீறிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். காலையில் வருவதாகச் சொன்னார்கள்.

அன்றிரவும் 2.10க்குத் தொடங்கியது. டோர்ச்சையும் போனையும் எடுத்தேன். சாட்சிக்குப் பதிவு செய்ய வேண்டும்.

"வேணாம். காலையில பாத்துக்கலாம்," றுஷ்தா கையைப் பிடித்தாள். உதறினேன்.

2.16. பெரியாயியின் வாசலில் கால் வைத்தேன். சத்தம் பட்டென்று நின்றது.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். நாய் எதுவும் இல்லை. அவிழ்த்துப் போட்ட சங்கிலிகள் மட்டும் கிடந்தன.

பிறகு... எனக்குப் பின்னால்... மூச்சு.

ஹஹ்... ஹஹ்... ஹஹ்...

முழங்காலுக்குப் பின்னால் ஏதோ முட்டியது. ஈரம். ஐஸ் மாதிரிக் குளிர்.

திரும்பினேன். யாருமில்லை.

மறுபடி முட்டியது. கதவுப் பக்கமாகத் தள்ளியது.

கதவின் உட்பக்கம், அடியில்... சுரண்டும் சத்தம்.

சர்... சர்...

நாய்! உள்ளேதான் இருக்கிறது!

கதவை ஓங்கி உதைத்தேன்.

"சத்தம் போடாமக் கெட! நாளைக்கு பொலிஸோட வாறேன்!"

சுரண்டல் நின்றது.

என் முதுகுக்குப் பின்னால் மூன்று தொண்டைகள் ஊளையிட்டன.

ஓடினேன்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பொலிஸார் கதவைத் தள்ளித் திறந்தார்கள். லேசில் திறக்கவில்லை. பெரியாயி கதவோடு ஒட்டிக் கிடந்தார். உயிர் இல்லை. வீட்டுக்குள் நாயும் இல்லை.

செத்த வீட்டில் அழகரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மூணுக்கும் யாருங்க சோறு போடுறது? ஞாயித்துக்கெழம ஆறு மணிக்கே சாக்குல கட்டி ஓயா ஆத்துல போட்டுட்டேன்," என்றான். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனான்.

அப்படியானால் நான்கு இரவும் குரைத்தது எது? என்னைக் கதவுப் பக்கம் தள்ளியது எது? எனக்குத் தெரியாது.

பிறகு சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வந்தது. ஞாயிறு இரவு அவருக்குப் பாரிசவாதம் வந்திருக்கிறது. வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. எப்படியோ கதவு வரை ஊர்ந்து வந்திருக்கிறார். இடது கை நகங்களுக்குள் மரச்சிராய்கள் இருந்தன.

உயிர் போனது வியாழன் விடியற்காலை ஐந்து மணி அளவில். நான் கதவை உதைத்து இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு.