ஒன்பது பேர் நின்ற படம்

2009-ஆம் வருடம், தை முடிந்து மாசி பிறந்த நேரம். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் சம்பா அறுவடை அநேகமாக முடிந்திருந்தது. கடைத்தெருவில் நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தாலும், நான் வெறும் போட்டோக்காரன் இல்லை, கலைஞன் என்ற எண்ணம் எனக்குள் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இலங்கையில் போர் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. எங்கள் ஊரிலும் கடைத்தெரு முனையில் பந்தல் போட்டு, கட்சி வித்தியாசமில்லாமல் போரை நிறுத்தச் சொல்லி தினம் சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். பந்தலில் வைக்க நல்ல படமாக ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். பத்திரிகையில் வந்ததையே பெரிதாக்கி வைப்பதா? நானே ஒன்று எடுக்கிறேன் என்றேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரை அறுத்த வயலுக்குக் கூட்டிப்போய்ச் செத்துக் கிடப்பதுபோல் படுக்க வைத்தேன். வெள்ளை வேட்டியைப் போர்த்தி, குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து அங்கங்கே தெளித்தேன். அறுத்த நெல்லின் அடித்தாள் முதுகில் குத்துகிறது என்று சின்னவன் நெளிந்துகொண்டே இருந்தான். அதட்டி அடக்கி, சாயங்கால வெயிலில் எடுத்தேன். எட்டடி ஃப்ளெக்ஸாகப் போட்டுப் பந்தலில் கட்டியதும், பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். வருத்தத்தை விடப் பெருமைதான் எனக்கு அதிகமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண்மணி ஸ்டூடியோவுக்கு வந்தார். பின் தெருவில் ஜாக்கெட் தைப்பவர். பதினெட்டு வயதில் இலங்கையிலிருந்து அத்தையோடு படகில் வந்தவர். அத்தை இறந்த பிறகு தனியாக இருந்தார். இருபது வருடமாகியும் எங்கள் ஊர்ப் பேச்சு அவர் வாயில் ஒட்டவில்லை.

"அண்ணா, அந்தப் படத்தில படுத்திருக்கிற பிள்ளையளுக்குத் தாய் தேப்பன் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"இருக்காங்களே. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கதான். அவங்க சம்மதத்தோடதான் எடுத்தேன்" என்றேன்.

"எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அங்க அக்காவுக்கு மூண்டு பிள்ளையள். நான் ஒருக்காலும் கண்ணால கண்டதில்ல. மார்கழிக்குப் பிறகு போனும் இல்ல. உயிரோட இருக்கினம் எண்டு நம்பிக்கொண்டு இருக்கிறன். நீங்கள் இப்பவே படுக்க வச்சிட்டியள்."

ஜனங்க மனசைத் தொடணும்னா இப்படித்தான் எடுக்கணும் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் படியிறங்கிப் போய்விட்டார். நான் பந்தலுக்குப் போய் என் கையாலேயே ஃப்ளெக்ஸை அவிழ்த்தேன். சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குத் திரும்பினேன்.

அன்று மத்தியானம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "எந்த மாதிரிப் படம் வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். தையல் மிஷினை நிறுத்தினார். தன்னிடம் வீட்டார் படம் ஒன்றுகூட இல்லை, கொண்டுவந்த ஒரே படம் படகில் கடல்தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது என்றார். அக்கா கல்யாணத்துக்கு மறுநாள் முற்றத்தில் ஒன்பது பேராக நின்று எடுத்த படம். யார் எங்கே நின்றார்கள், யார் கை யார் மேல் இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார்.

"நம்ம ஊர் ஜனங்களை அதேபோல நிக்க வச்சு எடுக்கலாமா?" என்று கேட்டேன். தலையசைத்தார்.

மறுநாள் காலை ஒரு தென்னந்தோப்பில் கூடினோம். பூக்கட்டும் அம்மா அவருக்கு அம்மாவானார். எதிர்க்கடையில் இருந்த புதுமணத் தம்பதி அக்காவும் அத்தானும் ஆனார்கள். கல்லூரி மாணவர்கள் இருவர் தம்பிமார். என் மகள் தங்கை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் யாரை நிறுத்துவது என்று, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை அவரே சுற்றிப் பார்த்தார். உயரம் பார்த்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். எங்களுக்குத் திக்கென்றது.

ஒருவர் நிலக்காரர். மற்றவர் அவர் நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவர். நிலத்தை விடச் சொல்லி ஒருவரும் விட முடியாதென்று ஒருவரும் கோர்ட்டில் நின்றார்கள். உண்ணாவிரதப் பந்தலில்கூட ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தவர்கள். இந்தக் கதை அந்தப் பெண்மணிக்குத் தெரியாது.

"இவர் அப்பா. அவர் சித்தப்பா. சித்தப்பா, நீங்கள் அப்பாவின்ட தோளில கை போட்டு நில்லுங்கோ" என்றார்.

குத்தகைக்காரர் தரையைப் பார்த்தபடி, "வைக்கட்டுங்களா?" என்றார்.

"அந்தப் பொண்ணு சொல்லுதுல்ல. வைப்பா" என்றார் நிலக்காரர்.

குத்தகைக்காரர் அவர் தோளில் கையை வைத்தார்.

அந்தப் பெண்மணி ஒவ்வொருவராகச் சரிசெய்தார். பூக்கட்டும் அம்மாவின் முந்தானையை இழுத்துவிட்டார். என் மகளின் தலையை லேசாகச் சாய்த்தார். கடைசியில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் விட்டிருந்த இடத்தில் தான் போய் நின்றார். எல்லோரும் இறுகிப்போய் நின்றிருந்தார்கள்.

"அண்டைக்கு எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிண்டனாங்கள்" என்றார். "பந்தல் வாழைக்குலையை ஆடு இழுத்துக்கொண்டு ஓடினது. புது மாப்பிள்ளை பட்டு வேட்டியோட பின்னால ஓடினவர். வேட்டி ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம்."

முதலில் சிரித்தது நிலக்காரர்தான். சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. நான் கேமராவை அழுத்தினேன்.

எடுத்த படத்தைக் கேமராத் திரையில் அவரிடம் காட்டினேன். "அப்பா இன்னும் கொஞ்சம் உயரம்" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் அவர் அழுது பார்த்தேன்.

படத்தைப் பந்தலில் வைத்தோம். கீழே என்ன எழுதலாம் என்று கேட்டதற்கு, "எங்கள் வீட்டார்" என்று எழுதச் சொன்னார். முதல் படத்தைப் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். இதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்கள். "இதுல சிலோன்காரங்க யாருங்க?" என்று ஒருவர் கேட்டார்.

வைகாசியில் போர் முடிந்த செய்தி வந்தது. அதற்குப் பிறகு பல மாதம் கழித்து, அந்தப் பெண்மணியின் அம்மா மட்டும் அங்கே ஒரு முகாமில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. மற்றவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊரில் நிலவழக்கும் முடியவில்லை. நிலக்காரரும் குத்தகைக்காரரும் எதிரெதிரே வந்தால் நின்று ஒரு வார்த்தை பேசினார்கள், அவ்வளவுதான். ஓரிரு வருடத்தில் அந்தப் பெண்மணி அம்மாவைத் தேடிக் கிளம்பினார். படத்தில் ஒரு பிரதி போட்டு, தண்ணீர் படாதபடி லேமினேட் செய்து கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் எழுதுவதாகச் சொன்னார். கடிதம் வரவில்லை.

அவர் அம்மா அந்தப் படத்தைப் பார்த்தாரா, வேற்று ஊர் முகங்களில் தன் பிள்ளைகளை அடையாளம் கண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த நாட்டில் போர் என்று செய்தி வந்தாலும், அங்கே யாரோ ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தன் வீட்டாரை ஒவ்வொருவராக வரிசையில் நிறுத்திக்கொண்டிருப்பாள் என்று தோன்றி, அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடுவதில்லை.