நான்கு பேர் குளித்த தண்ணீர்

சென்ற வருடக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், எங்கள் வீட்டு முற்றம். காலை ஏழு இருபதுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. இந்த நேரத்தை நான் பிறகுதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதினொன்று பத்து என்றே சொல்லியிருப்பேன். ஏனென்றால் பதினொன்று பத்துக்குத்தான் அந்தச் சத்தம் கேட்டது.

எங்களிடம் ஒரு பழைய மோட்டார்ஹோம் இருக்கிறது. உள்ளே கட்டில், அடுப்பு, குளிக்க ஒரு சின்ன அறை எல்லாம் உள்ள வாகனம். நாங்கள் அதை வான் என்றுதான் சொல்வோம். என் கணவரும் மகளும் ஆசைப்பட்டு வாங்கியது. நான் அதில் சமைப்பேன், படுப்பேன், வழி முழுக்கப் பயந்துகொண்டே வருவேன். அதற்கு மேல் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் முயன்றதில்லை.

குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வானுக்கு அடியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் தாங்கியில் போய்ச் சேரும். தொண்ணூறு லீற்றர் பிடிக்கும். அது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டுவதற்குக் கதவுக்குப் பக்கத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றன. தாங்கிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முனைகளில் தண்ணீர் பட்டால் விளக்கு எரியும். ஆனால் எங்கள் சமையல் அந்த முனைகளுக்கு ஒத்துவரவில்லை. தேங்காய்ப்பாலும் எண்ணெயும் கழுவி ஊற்றி ஊற்றி அவற்றில் பிசுக்குப் படிந்துவிட்டது. தாங்கி காலியாக இருந்தாலும் நான்கு விளக்குகளும் எரியும். இரண்டு வருடமாக அது நிறைந்துவிட்டது, நிறைந்துவிட்டது என்றே காட்டிக்கொண்டிருந்தது. நாங்களும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

மகளுக்கு இருபத்து நான்கு வயது. பொறியியல் படித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். அவளால் அந்தப் பொய் விளக்கைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. புதுவகைச் சென்சர்கள் வாங்கி வந்தாள். அவை தண்ணீரைத் தொடுவதே இல்லையாம். தாங்கியின் வெளிப்பக்கத்தில் பட்டையாக ஒட்டிவிட்டால், பிளாஸ்டிக் சுவருக்கு ஊடாகவே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அறிந்துகொள்ளுமாம். ஒட்ட வேண்டிய பக்கம் வானின் இரும்புச் சட்டத்தோடு நெருங்கி இருந்ததால், தாங்கியைத் தூக்கிப் பிடித்திருக்கும் இரண்டு இரும்புப் பட்டிகளைத் தளர்த்தி, அதை ஒரு சாண் அளவு இறக்க வேண்டும். வெறும் தாங்கி ஏழெட்டுக் கிலோதான், ஒரு கையால் பிடித்துக்கொள்வேன் என்று சொன்னாள். வெறும் தாங்கி என்றால் அது உண்மைதான்.

அந்த ஞாயிறுதான் இந்த வேலைக்கு அவள் குறித்த நாள். அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, எங்கள் உறவில் ஒரு கல்யாணம். வீட்டில் பதினொரு பேர், ஒரே ஒரு குளியலறை. என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. ஞாயிறு விடிய ஷிப்ட் என்று ஐந்தரைக்கே புறப்பட்டார். போகும்போது, "வெள்ளிக்கிழமையே வானில கிடந்த ஊத்தைத் தண்ணியெல்லாம் வெறுமையாக்கிட்டன். பிள்ளையிட்டச் சொல்லிவிடும்," என்றார். ஓம் என்றேன்.

ஏழு இருபதுக்குக் குளியலறை வாசலில் ஆறு பேர் நின்றார்கள். சுவிஸிலிருந்து வந்திருந்த மச்சாள், என் கணவரின் ஒன்றுவிட்ட அக்கா, தோளில் துவாயோடு படிக்கட்டில் ஒதுங்கி நின்றார். அவருடைய இரண்டு மகள்மாரும் மருமகளும் பின்னால். பின்னேரம் விமானம். அதற்கு முன் கோயிலுக்குப் போய்வர வேண்டும். நால்வருக்கும் நீளத் தலைமுடி. கல்யாணத்துக்கு அடித்த ஸ்பிரே காய்ந்து விறைத்துப்போய் இருந்தது.

"அம்மான்ர தலையில இப்ப தேங்காய் உடைச்சாலும் அவவுக்கு நோகாது," என்றாள் மூத்தவள்.

"வாயைப் பொத்தடி," என்ற மச்சாள் என்னைப் பார்த்தார். "நாங்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு போறம். உங்களுக்கு ஏன் கரைச்சல்?"

"நல்ல நாளும் அதுவுமாக் கோயிலுக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு போறதோ? வானுக்குள்ள சுடுதண்ணி வரும் மச்சாள். போய் ஆறுதலாத் தலைக்குத் தோயுங்கோ."

அவ்வளவுதான் நான் சொன்னது. சொன்னதோடு நிற்கவில்லை. தோட்டத்துப் பச்சைக் குழாயை இழுத்துக்கொண்டு போய் வானின் நல்ல தண்ணீர்த் தாங்கியை நானே நிரப்பினேன். இடையில் தண்ணீர் குறைந்ததும் மறுபடியும் போய் ஊற்றினேன். விருந்தாளிகளை நன்றாகக் கவனிக்கிறேன் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

ஊற்றுகிற தண்ணீர் குளித்த பிறகு எங்கே போகும் என்று ஒரு கணம்கூட நான் நினைக்கவில்லை. நான் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுவதும் திரவங்களை அளந்து வைப்பதுதான் என் தொழில்.

பத்தரை மணியளவில் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். வீடு அமைதியானது. கல்யாணக் களைப்பில் அதுவரை நித்திரை கொண்ட மகள் எழும்பி வந்து முற்றத்தில் பாயை விரித்து, மரக்கட்டைகள், ஸ்பனர், சென்சர் பெட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். குசினி யன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, டாங்க் எம்டிதானே?"

"ஓம், அப்பா வெறுமையாக்கிட்டாராம். உன்னட்டச் சொல்லச் சொன்னவர்."

"எதுக்கும் வால்வை ஒருக்காத் திறந்து பாக்கட்டே?"

"வேண்டாம் பிள்ளை. ஊத்தைத் தண்ணி மிச்சம் கிடந்தா முற்றமெல்லாம் மணக்கும். மாமியாக்கள் திரும்பி வருவினம்."

"சரி சரி. ஆனா லைட் ஃபுல் எண்டு காட்டுது," என்று சிரித்தாள்.

"அது என்ன, இண்டைக்குத்தான் காட்டுதோ?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

நான் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அவளுடைய போனில் பாட்டு. கூடவே அவளும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈர மெத்தையை நிலத்தில் போட்டது போல ஒரு மொத்தச் சத்தம். அடுப்புக்கு மேல் இருக்கும் மணிக்கூட்டை ஏனோ நிமிர்ந்து பார்த்தேன். பதினொன்று பத்து. யாரோ காரின் பின்கதவை மூடுகிறார்கள் என்று நினைத்து மறுபடியும் குனிந்தேன். பாட்டு தொடர்ந்து கேட்டது. முணுமுணுப்பு மட்டும் இல்லை.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். வானுக்கு வெளியே அவளுடைய இரண்டு கால்கள் தெரிந்தன. ஒன்று மெல்ல அசைந்தது. குனிந்து பார்த்தால், தாங்கியின் ஒரு முனை அவளுடைய நெஞ்சின் மேல் கிடந்தது. அவள் ஒரு பட்டியைக் கழற்ற, துருப்பிடித்திருந்த மற்றது பாரம் தாங்காமல் அறுந்திருக்கிறது. ஒரு கை தாங்கிக்குக் கீழே அகப்பட்டிருந்தது. முகம் நிறம் மாறிக்கொண்டு வந்தது. கத்துவதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

"அம்மா… தண்ணி… ஃபுல்."

தூக்கப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு தரம் பார்த்தேன். என் விரல்கள்தான் வழுக்கின. நான் உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை என்று பிறகு சொன்னார்கள். அவளுடைய பெயரைத்தான் திரும்பத் திரும்பக் கத்தினேனாம்.

எதிர்வீட்டில் ஜமேக்காவைச் சேர்ந்த ஒரு வயதான பெண் இருக்கிறார். ஒன்பது வருடமாகக் கையசைப்பதோடு எங்கள் பழக்கம் முடிந்துவிடும். அன்று அவர் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகத் தேவாலயத்துக்குப் புறப்பட்டிருந்தார். என் சத்தம் கேட்டுத் தெருவைக் கடந்து வந்தார். குனிந்து ஒருமுறை பார்த்தார். போனை எடுத்து, எங்கள் முகவரியையும் நடந்ததையும் பதற்றமில்லாமல் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றி மதிலில் வைத்துவிட்டு, அந்த வெள்ளை உடுப்போடு நிலத்தில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தாங்கிக்குக் கீழே கொடுத்தார். தூக்க முடியவில்லை. ஆனால் பாரத்தில் கொஞ்சத்தை அவர் வாங்கிக்கொண்டார். மகள் ஒரு சின்ன மூச்சு எடுத்தாள்.

அந்த மூச்சில் அவள் எனக்குச் சொன்னது இதுதான்: "பின்னுக்கு… சிவப்புப் பிடி… இழுங்கோ."

நான் வயிற்றால் ஊர்ந்து வானுக்குக் கீழே போனேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு நெருக்கமான இடங்கள் ஆகாது, லிஃப்டில்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பேன். அன்று அந்தப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாங்கியின் வால்வைத் திறக்கும் அந்தச் சிவப்புப் பிடி இறுகிக் கிடந்தது. ஒருமுறை இழுத்தேன், வரவில்லை. ஒரு காலை வானின் சில்லில் ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன்.

தண்ணீர் என் முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தபோது அது நுரையும் நுரையுமாக என் மகளின் முதுகுக்குக் கீழால் ஓடிக்கொண்டிருந்தது. ஷாம்பு வாசம். நீள நீளமான தலைமயிர்கள். கொண்டையிலிருந்து உதிர்ந்த ஒரு மல்லிகை, பழுப்பாகி, சுழன்று சுழன்று போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. நான்கு பேர் தோய்ந்த தண்ணீர் முழுவதையும், என் கையால் ஊற்றிய தண்ணீரை, என் பிள்ளையின் நெஞ்சில் நானே ஏற்றி வைத்திருக்கிறேன்.

தாங்கியின் பாரம் மெல்ல மெல்லக் குறைந்தது. மகள் முழு மூச்சு ஒன்றை இழுத்து, சின்னப்பிள்ளை போல அழத் தொடங்கினாள். அந்த அழுகையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இல்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து தாங்கியைத் தூக்கி அவளை வெளியே எடுத்தார்கள். அவள் வைத்திருந்த மரக்கட்டையில் தாங்கியின் ஒரு மூலை முட்டி நின்றதாகவும், அது இல்லாவிட்டால் நிலைமை வேறு என்றும் அவர்களில் ஒருவர் சொன்னார். எதிர்வீட்டுப் பெண் அம்புலன்ஸ் புறப்படும் வரை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய வெள்ளை உடுப்பு முழங்கால்வரை சாம்பல் நிறமாகியிருந்தது.

இரண்டு விலா எலும்பில் வெடிப்பு, மணிக்கட்டில் முறிவு. எல்லாம் இப்போது சரியாகிவிட்டது. சென்சர்களை ஒரு பட்டறையில் கொடுத்துப் பொருத்தினோம். நான்கு விளக்குகளும் இப்போது உள்ளதைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் தெருவில் யாராவது கார்க் கதவை அடித்து மூடினால் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு முற்றத்தை எட்டிப் பார்க்கிறேன். களைப்பாக இருக்கிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

அன்று ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தது என் கணவர். வேலை உடுப்போடு வந்தார். "நான் வெறுமையாக்கினனானே?" என்று கேட்டார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். "அந்தத் தண்ணி எங்க போகுமெண்டு நினைச்சனீர்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கட்டிலில் கிடந்த மகள்தான், "விடுங்கோ அப்பா, நான் டாங்க்கைத் தட்டிப் பார்த்திருக்கலாம்," என்றாள்.

கடைசியாக, நாலு மணிக்கு, விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மச்சாள் வந்தார். கோயிலுக்கு உடுத்த அதே சேலை. மகளின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, என்னை வெளியே நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் கையைப் பிடித்தார்.

"கடைசியாத் தோய்ஞ்சது நான்தான். தண்ணி இறங்கேல்லை. நுரையோட மேல வந்து கால்விரல் மூடுற அளவுக்கு நிண்டது. உங்களிட்டச் சொல்லுவம் எண்டுதான் குசினிக்கு வந்தனான். நீங்கள் அவ்வளவு சனத்துக்கும் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டியள். பாவம், இதையும் ஏன் சொல்லிக் கரைச்சல் குடுப்பான் எண்டு, துவாயால ஒத்தித் துடைச்சுப்போட்டுப் பேசாமல் போயிட்டன்."

கீழே தாங்கி நிறைந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் துடைத்துவிட்டுத்தான் போயிருப்பேன். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் இறங்காவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்; என் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு குறையும் இல்லை என்று சொன்ன பிறகும், அவர்கள் முகத்தைப் பார்த்து இன்னொரு தரம் கேட்கிறேன்.