அத்தை தீ மிதித்த கதை

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, வாய் மட்டும் ஒருநாளும் நோயில் படுத்ததில்லை. கால்கள் படுத்தன. ஒரு கண் கொஞ்ச நாள் மங்கிப்போய்ப் பிறகு தானே தெளிந்தது. விரல்கள் மரத்துப்போய்ச் சோற்றுச் சட்டியைப் போட்டு உடைத்தன. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. "இன்னிக்கு எங் காலு ரெண்டும் ஷிப்டுக்கு வரலடி பாப்பா, நீயே போயி தண்ணி மொண்டாந்துடு" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

தங்கவயலுக்குக் கரண்டு வராத காலம் அது. ஊரிகத்தில் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுடையது ஒன்று, அடுத்தது அத்தையுடையது. மாமாவுக்குச் சுரங்கத்தில் வேலை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி அத்தனை ஆழம் இறங்கிப் பாறையோடு மல்லுக்கட்டுகிற மனிதர், வீட்டில் அடுப்பு மூட்டச் சொன்னால் மட்டும் நாலடி தள்ளி நின்றுகொண்டு குச்சியை நீட்டுவார். நெருப்பென்றால் அப்படியொரு பயம். லைனே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

உடம்பில் சூடு குறைந்ததால்தான் கால் மரத்துப்போகிறது என்பது அத்தையின் மாமியாருடைய தீர்மானம். நொச்சித்தழை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர், செங்கல் ஒத்தடம் என்று மருமகளை ஒரு நாள் விடாமல் வேகவைத்தாள். வெந்து முடிந்ததும் அத்தை வாசற்படியில் துவண்டு கிடப்பாள்.

அப்படிக் கிடந்த ஒரு நாள், குடத்தோடு வந்த நான் கால் தடுக்கி, மொத்தத் தண்ணீரையும் அவள் தலையில் கொட்டிவிட்டேன். அடேயப்பா, என்ன திட்டு! என்னை, என் அப்பாவை, எங்கள் வம்சத்தையே இழுத்துப் போட்டுத் திட்டினாள். அது அவளுடைய வம்சமும்தான் என்பது அந்த வேகத்தில் அவளுக்கு நினைவில்லை. ஈரத்தோடு உட்கார்ந்து நெடுநேரம் திட்டியவள், வசவெல்லாம் தீர்ந்துபோனதும் எழுந்து என்னை அடிக்க வந்தாள். பாதி வழியில் நின்று தன் கால்களையே குனிந்து பார்த்தாள். "அடிப்பாவி, நடக்கறேன்டி!" என்றாள். அடி விழவில்லை, வெல்லம் கிடைத்தது.

அதன்பிறகு அத்தை தன் உடம்பைத் தானே நடத்த ஆரம்பித்தாள். வெயில் ஏறுமுன் சமையலை முடிப்பாள். காய் நறுக்குவது, மாவு சலிப்பதெல்லாம் உட்கார்ந்தபடி. வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பிடரியில் ஈரத்துணி போட்டுப் படுத்துவிடுவாள். சோம்பேறி என்றாள் மாமியார். அத்தை சட்டை செய்யவில்லை. நரம்பைச் சுற்றியுள்ள உறை அங்கங்கே கெட்டுப்போகும் நோய் அது, வரும், தணியும், மறுபடி வரும், சூடு பட்டால் ஆளை வீழ்த்தும் என்று ஒரு டாக்டர் எனக்குச் சொன்னபோது என் தலை நரைத்திருந்தது. அத்தை அதைக் குடத்துத் தண்ணீரில் கண்டுபிடித்திருந்தாள்.

இதற்குள் மாமியார் ஒரு காரியம் செய்துவிட்டிருந்தாள். மழைக்காலத்தில் அத்தை எழவே முடியாமல் கிடந்தபோது, கால் வந்தால் மருமகள் தீ மிதிப்பாள் என்று திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மார்கழிக் குளிரில் கால் வந்தது. கோடையில் திருவிழாவும் வந்தது.

"காலக் குடுத்துட்டு, அதுக்கு எது ஆவாதோ அதயே கேக்கறாளே அந்தம்மா" என்று அத்தை முணுமுணுத்தாள்.

மாமியார் விடவில்லை. "தெனம் கேஜுல எறங்கற புள்ளடி அவன். வேண்டுதல ஏமாத்திட்டு அவன கீழ அனுப்பிச்சிடுவியா?"

அந்தப் பேச்சுக்கு அத்தை இறங்கிவந்தாள். அன்று மாலை மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நடு நெருப்புல காலு மடங்கிச்சின்னா இன்னாங்க பண்றது?" அந்தப் பேச்சில் கேலியே இல்லை. மாமா தாடையைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் போய் அவரும் கையில் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். லைனில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. "அடுப்புக்கே பயப்படற ஆளு குண்டத்துல எறங்கப் போறாராம்!" என்று நான்தான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

தீமிதி அன்று அத்தை குளித்து, மஞ்சள் புடவை சொட்டச் சொட்டக் குண்டத்துக்கு வந்தாள். அந்த ஈரத்தோடேயே கடந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் வேடிக்கை பார்க்கத் துரையும் துரைசாணியும் வருகிறார்களாம், நாற்காலி போடும்வரை யாரும் இறங்கக்கூடாதாம். அம்மனே காத்திருந்தாள், நாங்கள் எம்மாத்திரம்! குண்டத்து அனலில் அத்தையின் புடவை காய்ந்தது. அவள் முழங்கால் ஆடுவதை நான் பார்த்தேன்.

பறை முழங்கியது. அத்தை இறங்கினாள், பின்னாலேயே மாமா. இரண்டே எட்டு வைத்திருப்பாள். மாமா "அம்மா!" என்று அலறிக்கொண்டு பின்னாலிருந்து அத்தையின் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டார். அப்படியே இருவரும் ஒட்டிக்கொண்டு தடதடவென்று அக்கரைக்குப் போய்ப் பால் குழியில் விழுந்தார்கள். கூட்டம் குலவையிட்டது. பிறகு மாமாவைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. பயத்தில் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்ட மனிதர் என்று அவருக்குக் கடைசிவரை பெயர் நிலைத்தது. அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. "ஆமா, பயந்துட்டேன்" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் இருவர் பாதங்களையும் திருப்பிப் பார்த்தாள். அத்தையின் பாதத்தில் ஒரு பொட்டுக் கொப்புளமில்லை. மாமாவின் பாதங்கள் வெந்து போயிருந்தன. "அம்மனே இவள தூக்கினு போயிருக்கா பாரு. உனக்கு பக்தி பத்தல, அதான் சுட்டுடுச்சி" என்று மகனைக் கடிந்துகொண்டாள். நான் குதித்துக் குதித்துச் சிரித்தேன்.

யாரையும் விட்டுவைக்காமல் கேலி பேசுகிற அத்தை அன்று வாயே திறக்கவில்லை. மாமாவின் பாதங்களை மடியில் வைத்து வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கொப்புளம்கூட இல்லாதவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.