நடுங்காத மேஜை

எனக்குக் கைதான் தொழில். காது கேளாதவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் நடுவே, வீடியோ அழைப்பில் சைகை மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஆஸ்பத்திரி, வங்கி, காவல் நிலையம், எங்கிருந்தாவது அழைப்பு வரும். அங்கே யாராவது போனை நீட்டிப் பிடித்திருப்பார்கள். என் காதில் விழுவதை நான் கையால் சொல்ல வேண்டும். கையில் பார்ப்பதை வாயால் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே கை வந்துவிட்டது. அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் சாந்தோமில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருக்கிறோம்.

ஆரம்பத்தில் சாப்பாட்டு மேஜைதான் என் ஆபீஸ். லேப்டாப்புக்கு அடியில் இரண்டு பிஸ்கட் டின்னை அடுக்கி வைத்து வேலை பார்த்தேன். சைகைக்கு இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை இடம் வேண்டும். உட்கார்ந்தால் முழங்கை மேஜையில் இடிக்கும். இடிக்காமல் இருக்கத் தோளைத் தூக்கித் தூக்கி, ஒரு நாள் காலையில் தலைமுடியை வாரக்கூட வலது கையை உயர்த்த முடியவில்லை. மயிலாப்பூரில் நான் போன பிசியோதெரபிஸ்ட் கேட்டார்: "நீங்க நின்னுக்கிட்டு வேலை பாக்க முடியாதா?"

"முடியும். ஆனா நாள் பூரா நிக்க முடியாது."

"அப்போ ஏறி இறங்குற மேஜை ஒண்ணு வாங்குங்க. இந்தத் தோள் போச்சுன்னா உங்க வேலையே போச்சு."

அவர் வேலையைச் சொன்னார். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவிடம் நான் பேசுவதும் அந்தக் கையால்தான்.

மோட்டார் வைத்த மேஜைகளை இணையத்தில் பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: முழு உயரத்துக்கு ஏறி நிற்கும்போது ஆடக் கூடாது. கேமராவை மேஜையில்தான் பொருத்துவேன். மேஜை ஆடினால் படம் ஆடும். படம் ஆடினால், பார்க்கிறவருக்கு என் விரல்கள் கலங்கித் தெரியும். கேட்பவர்களுக்கு லைன் கரகரத்தால் எப்படியோ, காது கேளாதவர்களுக்கு அது அப்படி. அதை வாங்காமல் வீட்டிலிருந்தபடி சோதிக்க முடியாது. அதனால் ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு தி.நகருக்குப் போனேன்.

துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி, ஒரு சந்துக்குள் ஆபீஸ் சாமான்கள் விற்கும் கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம் என்பது அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்தது. பட்டனை அமுக்கினார், மேஜை ஏறியது.

"சத்தமே கேக்காதும்மா. வேணும்னா காதை வச்சுக் கேட்டுப் பாருங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அம்மா என்னிடம் என்னவென்று கேட்டாள். சொன்னதும் சிரித்துவிட்டு, உள்ளங்கையை மேஜைமேல் விரித்து வைத்து, மறுபடி ஏற்றச் சொன்னாள். அம்மா கையால் சொல்வதைத்தான் இங்கே பேச்சாக எழுதுகிறேன்.

"இது நடுவுல ஒரு இடத்துல இழுக்குது. வேற காட்டச் சொல்லு."

ஒற்றை மோட்டார் மேஜை அது. அடுத்து இரண்டு காலுக்கும் தனித்தனி மோட்டார் வைத்த ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். முழு உயரத்துக்கு ஏற்றி, எங்களுக்குக் கொடுத்த தண்ணீர் டம்ளரை அம்மா அதன் ஓரத்தில் வைத்தாள். பக்கவாட்டில் மேஜையை ஒரு தட்டு தட்டிவிட்டு, குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். அலை எழுந்து சீக்கிரமே அடங்கியது.

"இது பரவாயில்லை" என்றாள்.

மேற்பலகையில்தான் சண்டை வந்தது. அம்மாவுக்குப் பளபளவென்ற வெள்ளைப் பலகை பிடித்துவிட்டது. வீட்டுக்கு வெளிச்சம் வரும் என்றாள். பளபளப்பு விளக்கொளியை என் முகத்தில் அடிக்கும், கைக்குக் கீழேயிருந்து கூசும், மங்கலான கறுப்பு வேண்டும் என்றேன் நான்.

"கறுப்பா? சவப்பெட்டியை வீட்டுல வச்ச மாதிரி இருக்கும்."

"நான் வேலை பாக்க வாங்குறேன், அழகுக்கு இல்லை."

"அதைப் பார்த்துக்கிட்டே நாள் பூரா இருக்கப் போறவ நான்."

இரண்டு பேரும் கையை வீசி வீசிப் பேசியதில் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் எதுவும் புரியாமல், ஆனால் சண்டை என்பது மட்டும் புரிந்து, ஸ்கூல் போர்டு போன்ற கரும்பச்சைப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பளபளப்பே இல்லை. அம்மா தடவிப் பார்த்தாள். நானும் தடவிப் பார்த்தேன். அதையே எடுத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது எனக்கான மேஜையாக ஆக நாளானது. முன்விளிம்பு வயிற்றில் இடித்தது; தள்ளி நின்றால் கேமராவுக்குத் தூரமானேன். ராயப்பேட்டையிலிருந்து ஒரு ஆசாரி வந்து விளிம்பை உள்வளைவாக அறுத்து ரப்பர் பட்டி ஒட்டிக் கொடுத்தார். கேமராவையும் விளக்கையும் தாங்க ஒரு இரும்புக் குழாயை மேஜையோடு இறுக்கினோம், மேஜை ஏறினால் அவையும் சேர்ந்து ஏறட்டும் என்று. மிஞ்சியது பட்டன். ஒரு அழைப்பின் நடுவில் உட்காரவோ நிற்கவோ வேண்டுமென்றால் பட்டனை அமுக்கியாக வேண்டும். அமுக்கும் அந்த நேரம் என் கை ஊமை. காலால் அமுக்குகிற மாதிரி செய்ய முடியுமா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டேன்.

"இன்னாக்கா, மேஜைக்குப் பெடலா? இத்தினி வருசத்துல யாரும் கேட்டதில்ல. கைல அமுக்குனா இன்னா ஆவும்?"

"பேச்சு நின்னுடும்."

அவர் என்னைப் பார்த்தார், வாசற்படியில் நின்று என்னிடம் கையால் ஏதோ கேட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். "சர்தான்" என்று சொல்லிவிட்டு, ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று இரண்டு பெடல்களைத் தரையில் பொருத்திவிட்டுப் போனார்.

கடைசியாக அம்மா சமையலறையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இங்கிருந்து அழைத்து, மேஜையை ஏற்றி இறக்கியபடி பேசினேன். அவள் அங்கிருந்து குறை சொன்னாள். தலைக்கு மேல் போகும் கை படத்தில் வெட்டுப்படுகிறது. இடது பக்கம் நிழல். இறங்கும்போது பின்னால் திரைச்சீலை முடிந்து சுவர் தெரிகிறது, கண் அங்கே போகிறது. திரையைத் தரைவரைக்கும் நீளமாகத் தைத்துப் போட்டாள். அதற்குப் பிறகு நான் நின்றாலும் உட்கார்ந்தாலும் படத்தில் வித்தியாசம் தெரியாது என்று சொன்னாள்.

இனிச் சொல்லப்போவதை நான் பொதுவாக யாரிடமும் சொல்லக் கூடாது. அழைப்பில் பார்த்ததும் கேட்டதும் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. சம்பந்தப்பட்ட பெண்ணிடமே கேட்டேன். "எழுது, பேரை மட்டும் போடாதே" என்றார்.

மேஜை வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. வெயில் கொளுத்திய ஒரு மதியம், அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. திரையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்பவர். பிறவியிலிருந்தே காது கேட்காது. பக்கத்தில் அவருடைய கணவர். அவருக்குக் காது கேட்கும், கடலுக்குப் போகிறவர். நர்ஸ் போனைப் பிடித்திருந்தார்.

எப்போதும் சொல்வதை முதலிலேயே சொன்னேன்: "இந்த ரூம்ல யார் எது பேசினாலும் நான் இவங்களுக்குக் கையால சொல்வேன். இவங்க சொல்றதை 'நான்'னு அவங்களாவே பேசுவேன்." கணவர் தலையாட்டினார். அவர் மனதில் அது ஏறவில்லை என்று பிறகு தெரிந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திறந்தார். அதற்குள் கணவர் சட்டென்று முன்னால் வந்தார்.

"டாக்டர், ஒரு நிமிசம். கெட்டதா இருந்தா அவளாண்ட சொல்லாதீங்க. அவ தாங்க மாட்டா. வேற ஏதாவது கட்டின்னு சொல்லிடுங்க, ஆபரேசன் பண்ணிக்கினு வந்துடறோம்."

நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் கணவரைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் இந்த இடம் ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் உறவினர்கள் அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து அவளைப் பற்றியே பேசுவார்கள். அவள் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்பாள். "அவளுக்கு எதுக்கு இதெல்லாம்" என்பார்கள். அந்தச் சொல்லை நன்றாகவே கேட்டு வளர்ந்தவள் நான்.

கணவர் சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல் கையால் சொன்னேன்.

"மேடம், கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் டாக்டர். அதையும் சொன்னேன்: டாக்டர் என்னை நிறுத்தச் சொல்கிறார்.

அந்தப் பெண்ணின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கையை எடுத்தார். நான் அவருடைய குரலாகப் பேசினேன்.

"எனக்குத் தெரியும். கொஞ்ச நாளா இவர் என் முகத்தைப் பார்க்கிறதே இல்லை. டாக்டர், உடம்பு என்னுது. என்கிட்டச் சொல்லுங்க."

டாக்டர் கணவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியை அந்தப் பெண்ணின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். வலது மார்பில் புற்றுநோய். அக்குளுக்கும் பரவியிருக்கிறது. அறுவை சிகிச்சை, அப்புறம் மருந்து. நல்லபடியாக ஆகலாம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

பெரிய செய்தியைச் சொல்லும்போது வாய் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்தலாம், வேறு பக்கம் பார்க்கலாம். கையால் சொல்கிறவருக்கு அந்த வழி கிடையாது. முகம் முகத்தைப் பார்த்தே இருக்க வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. காலால் பெடலைத் தேடி அமுக்கினேன். மேஜை மெல்ல இறங்க, கையை நிறுத்தாமல் நானும் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருக்கு அது தெரியவில்லை. அன்றைக்கு அதற்காக நான் அந்த மேஜைக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் கையைத் தூக்க முடியுமா?"

"ரொம்ப நாளைக்குக் கூடை தூக்கக் கூடாதும்மா. கனமே தூக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

"கூடை இல்லை. பேச்சு. நான் இந்தக் கையாலதான் பேசுறேன்."

'நான்' என்றுதான் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தோள் இறுகிப்போகலாம், வீங்கலாம், முதலிலேயே தானாக அதைச் சொல்லாதது தன் தப்பு என்றார். ஆபரேஷன் முடிந்த உடனே பயிற்சி ஆரம்பிக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பழையபடி முழுசாகத் தூக்க முடியுமா என்று கேட்டதற்கு, தெரியாது என்று நேராகச் சொன்னார்.

கணவர் சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டே என்னிடம் பேசினார்.

"எக்கா, நான் மறைக்கணும்னு மறைக்கல. எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்குற சைகை சோறு, மீனு, காசு, புள்ளைங்க, அவ்ளோதான். இத்தப் போய் எப்டி அவளாண்ட சொல்றது? எனக்கு வார்த்தை கிடையாதுக்கா."

அதையும் கையால் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நர்ஸ் போனைத் திருப்பிவிட்டார். எனக்குக் கூரையில் சுழலும் மின்விசிறி மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அழைப்பு முடிந்தது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். என்ன ஆச்சு என்று அம்மா கேட்டாள். சொல்லக் கூடாது என்றேன். அவள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகான அழைப்புகளில் அவர் இடது கையால் பேசினார். எழுத்துக் கூட்டுவது போல மெதுவாக வரும். எனக்கே சில இடங்களில் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. திரும்பக் கேட்டால் கோபம் வரும் அவருக்கு. மருந்து ஏறிய மாதங்களில் தலைமுடி போனது, உடம்பு பாதியானது. பயிற்சியை மட்டும் விடவில்லை. வலது கை முதலில் வயிற்றுக்கு வந்தது, பிறகு மார்புக்கு. இப்போது தோளுயரம் வரை வருகிறது. அதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைக்கு மேல் காட்ட வேண்டிய சொற்களை அவர் கன்னத்துக்குப் பக்கத்திலேயே காட்டுகிறார். பழகிவிட்டால் புரிகிறது.

கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாதோர் சங்கத்து வகுப்புக்குப் போகிறார் என்று அந்தப் பெண் ஒரு தடவை சொன்னார். கயிறு இழுத்து இழுத்துத் தடித்த விரல்கள், மடங்க மறுக்கின்றன.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். புதிதாக எதுவும் இல்லை, மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர். நான் கையை எடுத்தேன்.

"எக்கா, இரு. நீ சொல்லாத. நான் சொல்றேன்" என்றார் கணவர்.

மனைவிக்கு எதிரே திரும்பி நின்று ஆரம்பித்தார். 'மூன்று' சரியாக வந்தது. 'மாதம்' தப்பு. அந்தப் பெண் அவருடைய விரலைப் பிடித்துத் திருத்தினார். அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தும் டாக்டர் அவசரப்படுத்தவில்லை. நான் கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.