ஓடாத ஓட்டத்துக்கு ஒரு பதக்கம்

போன ஜூனில் பாரிஸ் வேலையில் நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. இத்தாலியின் பலெர்மோவில் பெரியம்மா மகள் சுகந்தி அக்கா இருக்கிறார். மொண்டெல்லோக் கடலில் குளித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். குளித்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அங்கே வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. இரண்டரைக்கு லிபெர்த்தா வீதிப் பஸ் தரிப்பில் அக்காவோடு ஜாய் நின்றார். அக்கா வேலை செய்யும் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் வயதான சிஞ்ஞோரா அம்மாவைப் பராமரிப்பவர். ஒரு காலத்தில் நைஜீரியாவுக்காக நூறு மீட்டரும் தொடரோட்டமும் ஓடியவர். கையில் தபால் துண்டு.

"தபால் கந்தோரிலை மெடல் வந்து கிடக்குது. இண்டைக்குத்தான் கடைசி நாள், எடுக்காட்டித் திரும்பிப் போயிடும்," என்றார் அக்கா. "இவள் எடுக்க மாட்டாளாம்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மொண்டெல்லோவுக்குப் பஸ் டிக்கெட் 1.40 யூரோ, பதினொரு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். ஜாய் இத்தாலியனில் சொல்லச் சொல்ல அக்கா தமிழாக்கினார். பள்ளி மைதானத்திலிருந்து நாட்டு அணி வரை ஆறு வருட ஓட்டம். பிறகு ஒரு பெரிய போட்டி. தொடரோட்டத் தகுதிச் சுற்றில் ஓடும்போது ஜாயின் தொடை பிடித்துக்கொண்டது. இறுதி ஓட்டத்துக்குத் தோழி மேர்சியை இறக்கினார்கள்.

"இவள் கலரியிலை இருந்து, அவை தோக்க வேணும் எண்டு கும்பிட்டவளாம். நாலாவதாத்தான் வந்தவை."

அன்றோடு ஓட்டமும் போயிற்று, மேர்சியோடு பேச்சும் போயிற்று. பன்னிரண்டு வருடம் கழித்து, மூன்றாவதாக வந்த அணி ஊக்கமருந்தில் மாட்ட, பதக்கம் இவர்களுக்கு வந்திருக்கிறது. தகுதிச் சுற்றில் ஓடியவருக்கும் ஒன்று. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா? கேட்ட எனக்கே குழப்பம்.

மணலில் இருந்தோம். "கும்பிட்டதை மேர்சியிட்டைச் சொல்லாமல் எப்பிடி எடுக்கிறது எண்டு கேக்கிறாள்," என்றார் அக்கா. பிறகு ஜாயிடம் போனைக் காட்டினார்.

ஜாய் அழைத்தார், ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"தகுதிச் சுற்றில் உன் தொடை பிடித்ததே," என்றார் மேர்சி. "அதற்கு நான் கும்பிட்டேன்."

ஜாய் திட்டினாரா, சிரித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐந்தரைக்கு எழும்பி, பஸ் தரிப்பை நோக்கி நடந்தார். நான் துவாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மொண்டெல்லோ போகிறவர்களுக்கு: வியாழன் பின்னேரம் பஸ்ஸில் இருக்க இடம் கிடையாது. டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்குங்கள். நகரத்தின் பெரிய தபால் நிலையம் ஏழு மணிவரை. ஆறு ஐம்பதுக்கு ஜாய் கையெழுத்து வைத்தார். வாழ்த்துச் சொல்வதா, வேண்டாமா என்று நான் விழித்தேன். பெட்டியை அவர் திறக்கவில்லை. மேர்சியும் தன்னுடையதை இன்னும் திறக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீடியோவில் சேர்ந்து திறப்பார்களாம்.