இத்தாலிக் காயிதத்தில் நான் விழுங்கிய வரிகள்

சந்தனமேரி என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் ஆர்.சி., நான் புராட்டஸ்டன்ட். மாதாவைப் பற்றி வாரம் ஒரு சண்டை போடாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. ஆனாலும் அவள் புருஷன் கிறிஸ்துராஜ் பட்டாளத்திலிருந்து எழுதும் காயிதத்தை வாசிக்க அவளுக்கு என்னை விட்டால் நாதியில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட டீச்சர்.

உலக யுத்தம் நடந்த நாற்பத்து நாலில் அவன் இத்தாலியில் இருந்தான், ஆற்றுக்கு ஆறு பாலம் போடுகிற பட்டாளத்தில். பாப்பரசர் இருக்கிற நாட்டுக் காயிதம் அல்லவா! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிக் கோயில் அவள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். சோழபுரத்துச் சம்சாரி உக்கிரபாண்டிகூட வண்டியை நிறுத்திவிட்டு வருவார்.

"ஏத்தா, அங்க உழவுமாடு உண்டாமா?"

உண்டு. முழ நீளக் கொம்பு வைத்த வெள்ளை மாடு என்று எழுதியிருந்தான். கோதுமை மாவை நூலாக இழுத்து அவித்துத் தின்பார்களாம். பூசை நேரத்தில் பெண்கள் உள்ளே முழங்காலில் நிற்க, ஆண்கள் வெளியே சுருட்டுப் பிடிப்பார்களாம். "நம்ம ஆளுகதான்!" என்று உபதேசியார் வேதமணி தலையில் அடித்துக்கொண்டார். இருபது வருஷம் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தொங்கிய, பதவி கவிழ்ந்த சர்வாதிகாரியின் படத்தை இப்போது கேட்டால் யாரும் கண்ணால் பார்த்ததே இல்லையாம். ஒரு கிழவி மட்டும், கண்ணாடிபோட்ட நல்ல சட்டம் வீணாவானேன் என்று, அதிலேயே அந்தோணியார் படத்தைச் செருகிவிட்டாளாம். வாசலே சிரித்தது. சந்தனமேரி சிரிக்கவில்லை.

ஒன்பதாவது காயிதம் முடிந்த அன்று, பதில் எழுத உட்கார்ந்தேன்.

"வேண்டாம் டீச்சரம்மா. அவிய ஊருக்குல்லா எழுதுதாவ. எனக்குன்னு ஒரு சொல்லு இல்ல. ஊரே பதில் போடட்டும்."

சொல் இருந்தது. ஒவ்வொரு காயிதத்திலும் கடைசி நாலு வரி அவளுக்குத்தான். உபதேசியார் தாடியைத் தடவிக்கொண்டு எதிரே இருக்கையில் அதை எப்படி வாசிப்பது? பொறவு தனியாகச் சொல்லலாம் என்று விழுங்கினேன். தனியாக இருக்கும்போது இன்னும் வெட்கமாகப் போயிற்று. நான் கல்யாணம் கட்டாதவள். அன்றும் வாயைத் திறக்கவில்லை, பாவி.

மூன்று மாதம் கழித்துப் பத்தாவது காயிதம் வந்தது. இத்தாலியைப் பற்றி ஒரு வரி இல்லை. 'உன் பதிலைக் காணோம். முன்ன வந்ததுலயும் நான் உனக்குன்னு எழுதுனதுக்கு ஒரு சொல்லு இல்ல. என்னை வெறுத்துட்ட போல. குண்டு விழுற கரைக்கு முதல்ல போக ஆள் கேக்காவ. மழை விட்டதும் பேர் குடுத்துருவேன்.'

அதை வாசித்து முடித்ததும், "கதவைச் சாத்துட்டி. பழைய காயிதம் அம்புட்டையும் எடு" என்றேன்.

விட்டதையெல்லாம் முணுமுணுத்தபடி வாசித்தேன். 'கூடாரத்துல படுத்தா உன் ஈரக்கால் என் காலுல படுத மாதிரியே இருக்கு.' 'முக்காடு போட்டுப் போற பொம்பளைகளைப் பாக்கேன். உன் நடை ஒருத்திக்கும் இல்ல.'

"இது எப்ப எழுதினது?"

"மாசியில."

"மாசியில இருந்து என் பொருளை உங்க வயித்துலயா வச்சிருந்தீய?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "எழுதுங்க. நான் சொல்லுததை அப்படியே எழுதணும்" என்றாள். அப்படியே எழுதினேன், என் குற்றத்தையும் சேர்த்து எழுதினேன்.

ஏழு வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. சந்தனமேரி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். சண்டை போடாமல் பக்கத்தில் நின்றேன்.

பதில் வந்தது. பேர் கொடுக்கவில்லையாம். வாசலில் கூட்டம் கூடியிருந்தது. சந்தனமேரி எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். 'என் உசிரே' என்று ஆரம்பித்திருந்தான். அதை வாய்க்குள்ளேயே முனகினேன்.

"சத்தமா வாசிங்க டீச்சரம்மா."

நாற்பத்தோரு வயதில், அந்தச் சொல்லை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.