பல்லுக்குப் பின்னால் ஒரு கம்பி வேலி

அக்கா மகள் கல்யாணத்தில், மண்டப மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். நான் ஏதோ வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்த நேரம் பார்த்துக் கேமராக்காரர் என் பக்கம் திரும்பிவிட்டார். திரையில் என் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. முன்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் கதவுப் பலகை அளவு.

அந்தச் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறு வாரமே நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயதுப் பெண்.

“உள்பக்கமாவே கம்பி போடலாம் அங்கிள். வெளிய யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாள் பேச்சு மட்டும் ஒரு மாதிரியா இருக்கும்.”

யாருக்கும் தெரியாது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. நாற்பத்தாறு வயதில் பல்லில் கம்பியோடு வடசேரியில் கடை நடத்த முடியாது. பொழுது போகாதவர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள்.

“பல்லை இளிக்காம இருந்தாலே கம்பி தெரியாதே. வெளியவே போட்டுட்டு வாயை மூடிட்டு இருக்கப்படாதா?” என்றாள் மனைவி.

டாக்டர் ஒவ்வொரு பல்லின் முதுகிலும் ஓர் உலோகத் துண்டை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரு கம்பியில் கோத்து முடித்தார். கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. சந்தோஷத்தில் “ரொம்ப நன்றி டாக்டர்” என்றேன். “லொம்ப நன்லி தாக்தல்” என்று வேறு யாரோ சொன்னது போலக் கேட்டது.

என் கடை, குழாய் சாமான் கடை. குழாய் என்ற சொல்லை இருபது வருடமாகச் சொல்லிப் பிழைக்கிறேன். அன்று முதல் நாக்கு மேலே வளையப் போனால் கம்பி குத்தியது. ‘குயாய்’ என்றேன். ‘குலாய்’ என்றேன். ழகரம் பிசகாத எங்கள் ஊரில் இதைவிட மானக்கேடு கிடையாது. புதிதாக வந்த ஒருவர், “அண்ணாச்சிக்கு மெட்ராஸ் பக்கமா?” என்று கேட்டேவிட்டார். பிறகு பைப்பு என்று மாற்றிக்கொண்டேன். ஏழு என்ற எண்ணுக்கு அப்படி மாற்று இல்லை. ஏழு எல்போ போதும் என்றிருந்த பிளம்பரிடம், “எட்டா எடுத்திட்டுப் போ” என்று வற்புறுத்தி அனுப்பினேன்.

சாப்பாடு வேறு. மரச்சீனிக் கிழங்கை மசித்து மீன்கறி ஊற்றிக் குழைத்தால் சுகமாக இறங்கும். ஆனால் அயிலை மீனின் ஒரு முள் கம்பிக்குள் நுழைந்து குறுக்கே படுத்துக்கொள்ள, மனைவி புருவம் திருத்தும் இடுக்கியோடு என் நெஞ்சின்மேல் ஏறாத குறையாக நின்று அதைப் பிடுங்கினாள்.

விவகாரமானது ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் சர்ச்சில், சபை முன்னால் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். போய் நின்றேன். அன்றைய பகுதி ஒரு வம்ச வரலாறு. பெயர் பெயராக வந்தது. எல்லாப் பெயரிலும் எப்படியோ ஒரு சகரம் இருந்தது. மைக் வழியாகக் கோயில் முழுக்கக் குக்கர் விசில் அடித்தது போலிருந்தது. முன்வரிசையில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சபைச் செயலாளர் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். என் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்து, மெல்ல மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். நானோ அப்போதுதான், சாராய நெடி அடிக்கும் மருந்து ஒன்றால் வாய் கொப்பளித்திருந்தேன்.

“மக்கா, ஏதோ வாசம் அடிக்குவே. மனசுல என்னவாக்கும் வெசனம்? எங்கிட்ட சொல்லப்படாதா?”

“ஒண்ணும் இல்ல ஷார்” என்றேன்.

அவர் முகம் இருண்டது. உடனே என் தலையில் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார். “ஆண்டவரே, இந்த மகனுடைய நாவைக் கட்டி வச்சிருக்கிற கட்டு எல்லாம் இப்பமே அறுந்து விழணும்...”

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “அறுக்காண்டாம் சார்! புதுக் கம்பியாக்கும்!”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். அவர் செல்போன் வெளிச்சம் அடித்து, விடைத்தாள் திருத்துவது போல ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

“உள்ள ரயில் தண்டவாளம் மாதிரில்லா இருக்கு!” என்றார். பிறகு சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தன் மேல்பல் வரிசை முழுவதையும் கழற்றித் தேநீர்த் தட்டில் வைத்தார். பள்ளிக்கூடமே நடுங்கிய அந்தப் பல். “இத்தன வருதமா ஆருக்கும் தெரியாது. நீயும் தொல்லிராத.”

“ஷொல்ல மாட்டேன் ஷார். நீங்களும் ஷொல்லிராதீங்க.”

அவர் வாக்குத் தவறவில்லை. வந்த வினையே அதுதான். அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழுந்து, “நம் சகோதரர் ஒரு சிகிச்சையில் இருக்கிறார். என்னவென்று சொல்வதற்கில்லை. குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று உருக்கமாகச் சொல்லி உட்கார்ந்தார். கோயில் முழுக்க ஒரு ‘ச்சு’ கேட்டது.

ஆராதனை முடிந்ததும் ஓர் அம்மாள் என் மனைவியின் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். “காப்பியில கலக்கிக் குடு மோளே, அவருக்குத் தெரியாண்டாம். எனக்க கொழுந்தன் இதுலயாக்கும் குடிய நிறுத்துனான்.”

மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அம்மாளோ அதை அழுகை என்று நினைத்து அவளைக் கட்டிக்கொண்டார். நான் வேறு வழியில்லாமல் கோயில் வாசலில் நின்று, அண்ணாந்து வாயைப் பிளந்தேன். முதலில் அந்த அம்மாள் பார்த்தார். பிறகு அவருடைய தங்கச்சி. அதற்குள் பின்னால் ஒரு வரிசையே கூடிவிட்டது. ஒருவர் டார்ச்சை வாய்க்குள்ளேயே விடப் பார்த்தார். “குடின்னு சொன்னதே தேவல, கம்பியாம் கம்பி” என்று ஒருவர் ஏமாற்றத்தோடு நடையைக் கட்டினார்.

ஒன்றரை வருடம் கழித்துக் கம்பியை எடுத்தார்கள். பற்கள் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் போல ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. வீடு திரும்பும் பஸ்ஸில் எதிர்வீட்டுக்காரர் ஏறினார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறைகூட வாய்விட்டுச் சிரிக்காதவன், அவரைப் பார்த்து, உள்ள பல்லெல்லாம் தெரியும்படி சிரித்தேன்.

அவர் பதறிப் போய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்ன ஓய், வாயி கோணுது? ஆஸ்பத்திரிக்குப் போவமா?”